மலர்க்கொடியின் குறையாத கொழுப்பு

பிசியோதெரபி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களைப் போன்ற பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது தவறாமல் ஒன்று கேட்பார்கள். "மேடம், மூச்சு வாங்க வாங்க வேகமா எக்ஸர்சைஸ் பண்ணினா கொலஸ்ட்ரால் குறையுமா, குறையாதா?" ஒரே வரியில் பதில் வேண்டும் அவர்களுக்கு. நோயாளிகளும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒரு வரியில் அடங்காது. அதற்கு மலர்க்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் விருத்தாசலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். பின்பக்கம் ஒரு நீளமான அறை, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்கள் நான்கு, சன்னலுக்கு வெளியே வேப்பமரம். எடை அதிகமாகி, ரத்தத்தில் கொழுப்பும் ஏறிப்போனவர்களை எங்கள் டாக்டர் என்னிடம் அனுப்புவார். இதயத்தைச் சோதித்து, கடினமான பயிற்சியைத் தாங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் நான் அந்தப் பயிற்சியைக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், பிறகு மெதுவாக, மறுபடி வேகம். மங்கலம்பேட்டையிலிருந்து வரும் நூர்ஜஹான் அதற்கு 'ஏத்தம் எறக்கம்' என்று பெயர் வைத்திருந்தார். கணவர் துபாயில். ஊருக்கு வரும்போது தன்னைப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும் என்பது நூர்ஜஹானின் ஆசை.

மலர்க்கொடி நூர்ஜஹானுக்கு அடுத்த சைக்கிள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பட்டறை. அப்பா ஆரம்பித்தது, இப்போது மலர்க்கொடியும் தம்பி ராஜவேலும் நடத்துகிறார்கள். தம்பி சூளையைப் பார்த்துக்கொள்வார். அக்கா உட்கார்ந்து பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவார். உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் உடம்பு போட்டுவிட்டது என்று அவரே சொல்வார். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு மிக அதிகமாக வந்ததும் டாக்டர் அன்றே மாத்திரை எழுதினார். மலர்க்கொடி மறுத்தார். "மாத்திரைன்னு ஆரம்பிச்சா ஆயுசுக்கும் முழுங்கணும்ங்க. எடையக் கொறச்சுக் காட்டறேன். கொஞ்ச நாளு குடுங்க" என்றார். டாக்டருக்கு அரை மனசுதான். ஆனாலும் சம்மதித்தார்.

முதல் நாள் நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய், மாரடைப்பு?

"இல்லீங்க. அப்படி யாருக்கும் கெடையாது."

அவர் பொய் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் போல உழைத்த நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. வேகமாக மிதிக்க வேண்டிய நேரத்தில் நூர்ஜஹான் பேச்சுக் கொடுத்துத் தப்பிப்பார். மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். இறங்கும்போது கால்கள் நடுங்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சில மாதங்களில் இடுப்புச் சுற்றளவு இறங்கியது. படியேறினால் முன்பு போல இரைப்பதில்லை. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

பிறகு மறுபடி ரத்தம் எடுத்தோம். நூர்ஜஹானுக்கு எல்லாமே ஓரளவு குறைந்திருந்தது. பயிற்சியைவிட, காலைப் பூரியையும் மாலை சமோசாவையும் விட்டதுதான் அவருக்கு அதிகம் உதவியது என்பது என் எண்ணம். மலர்க்கொடியின் ரிப்போர்ட் விநோதமாக இருந்தது. ட்ரைகிளிசரைடு என்கிறோமே, அந்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. கெட்ட கொழுப்பு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையச் சொல்லுங்கம்மா. வூட்டுல என்ன சாப்பிடறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதாங்க."

அன்று அக்காவை அழைத்துப்போக வந்திருந்த ராஜவேல் வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான, முறுக்கிய உடம்பு. இளவயதில் கபடி ஆடியவர். "டாக்டர், எங்க அக்கா பகல்ல உங்க பேஷண்டு, ராத்திரி பரோட்டாக் கடை பேஷண்டு" என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டரும் லேசாகச் சிரித்தார். மலர்க்கொடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நோயாளி வரவில்லை என்றால் விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். எனக்கு விட மனம் வரவில்லை. மாலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போனேன். கார்த்திகை சீசன் என்பதால் பட்டறையில் விளக்குகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. மலர்க்கொடி ஒரு பிள்ளையாருக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தூரிகையை வைக்கவில்லை.

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா மேடம்?"

"இல்ல. நீங்க மிதிச்சத நான் பக்கத்துல நின்னு பாத்தவ. சாப்பாட்டுல ஏமாத்தியிருந்தா ட்ரைகிளிசரைடு இப்படி எறங்கியிருக்காது. ஒங்க வார்த்தைய நான் நம்பறேன்."

"அப்பறம் ஏன் அது எறங்கல?"

"தெரியலம்மா. தெரிஞ்சுக்கணும். நீங்க வந்தாத்தானே தெரியும்?"

அவர் பிள்ளையாரின் இரண்டாவது கண்ணை முடித்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். ரிப்போர்ட்டும் நோயாளியும் முரண்படும்போது நாம் உடனே ரிப்போர்ட் பக்கம் சாய்ந்துவிடுவோம். அதுவும் நோயாளி குண்டாக இருந்தால் சந்தேகமே வராது, அவர் வாயைத்தான் குற்றம் சொல்வோம். வேகமான பயிற்சி உடம்புக்குள் நிறைய நல்லது செய்யும். ஆனால் கெட்ட கொழுப்பை அது பெரிதாக அசைக்காது. பலருக்கு மிகக் கொஞ்சமாகத்தான் அசைக்கும். மலர்க்கொடிக்கு அந்தக் கொஞ்சம்கூட இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், யோசித்தார். "குடும்பத்துல இருக்கான்னு கேட்டீங்களா?" என்றார். கேட்டேன், இல்லை என்றார்கள் என்றேன். எப்படியும் மாத்திரையை ஆரம்பித்துவிடலாம், இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். மலர்க்கொடி வந்ததும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. மலர்க்கொடியின் வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் தம்பி காலையில் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பயிற்சி முடியும்வரை காத்திருந்து அழைத்துப்போக வேண்டும். காத்திருக்கிற ஆள் இல்லை அவர். பட்டறையில் அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது, போனைப் பார்ப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார். கடைசியில் காலியாக இருந்த சைக்கிளைத் தட்டிக் காட்டினார்.

"இதுல என்னா இருக்குது? இத மெறிக்கத்தான் இவ்ளோ கஷ்டப்படறாங்களா எங்க அக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டார். வெறுங்காலோடு மிதிக்க ஆரம்பித்தார். பாரத்தையும் அவரே திருகி ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, பாத்து மெறிங்க. செயின் அறுந்துடப் போவுது" என்றார் நூர்ஜஹான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி அவரை இறக்கிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அப்போதுதான் அவர் குதிகால்களைப் பார்த்தேன்.

குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு சேரும் நாண் நமக்கெல்லாம் ஒரு கயிறு போல இருக்கும். ராஜவேலுக்கு அது இரண்டு காலிலும் வேர் முடிச்சு போலத் தடித்திருந்தது. உடம்பில் வேறெங்கும் சதை இல்லாத மனிதருக்கு அங்கே மட்டும் அந்தத் தடிப்பு. நான் பயிற்சி மாணவியாக இருந்தபோது என் சீனியர் ஒருவர் இப்படி ஒரு காலில் என் விரலை வைத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். "இது கால் கேஸ் இல்ல. ரத்தத்துல இருக்கற கொழுப்பு இங்க வந்து தங்கியிருக்கு. இந்த ஆள மொதல்ல இதய டாக்டர்கிட்ட அனுப்பு" என்றார் அவர். அதற்குப் பிறகு அப்படி ஒரு காலை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்க்கிறேன், அதுவும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. நிறம் வெளுத்திருந்தது. இடது கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று நிறுத்தச் சொல்லவில்லை. உச்ச வேகத்தில் இருப்பவரைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம். பாரத்தைக் குறைத்து, "போதும் தம்பி, மெதுவா விடுங்க, இன்னும் மெதுவா" என்று பேசிக்கொண்டே இறக்கினேன். நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"தாடைல என்ன?"

"பல்லு வலிங்க. சூளையில தட்டு தூக்குனா வரும். உக்காந்தா போயிடும். பல்லப் புடுங்கணும்னு இருக்கேன்."

பாரம் தூக்கினால் வந்து, உட்கார்ந்தால் போகிற பல் வலி கிடையாது. நர்ஸைக் கூப்பிட்டு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். சரியாக இருந்தது.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த நேரம். டாக்டர் பக்கத்து ஊர் ஒன்றில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. "நார்மல்னு வந்துடுச்சு மேடம், எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் நர்ஸ். ராஜவேல் எழுந்துவிட்டார். வலி போய்விட்டதாம். சூளையில் நெருப்பைப் பார்க்க வேண்டுமாம். மலர்க்கொடியும் "ஆர்டரு நெறைய இருக்குதுங்க, சாயந்தரம் அனுப்பறேன்" என்றார். நானோ டாக்டர் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தடித்த குதிகாலும் ஒரு பல் வலியும்தான். தவறாகப் போனால் ஊரெல்லாம் சிரிக்கும், நல்ல ஆளைப் பிடித்து நோயாளி ஆக்கினாள் என்று. அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். இவர் பட்டறைக்குப் போய் அந்த வெக்கையில் தட்டுத் தூக்குவதையும் நினைத்துப் பார்த்தேன்.

நான் வாசலை மறிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஒங்க அப்பா எப்படி எறந்தாரு?"

"சூளை சூடு தாக்கிடுச்சுங்க. சூளையிலேர்ந்து வெந்த சரக்க எறக்கிக்கிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

"அப்ப என்ன வயசு?"

"இப்ப எங்க அக்காவுக்கு இருக்கற வயசுதான்."

"அவரு கூடப் பொறந்தவங்க?"

"ஒரு சித்தப்பா. கருவேப்பிலங்குறிச்சில விவசாயம் பாத்தாரு. அவரும் இல்லீங்க. வயல்ல காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னாங்க. அவரு போனது அப்பாவ விடச் சின்ன வயசுல."

ஒருவருக்குச் சூடு, ஒருவருக்குக் காற்று. மாரடைப்பு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. நான் கேட்ட கேள்விக்கு மலர்க்கொடி இல்லை என்று சொன்னது அதனால்தான்.

"தம்பி, அது சூடும் இல்ல, காத்தும் இல்லன்னு எனக்குத் தோணுது" என்றேன். "டாக்டர் வர்ற வரைக்கும் நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க வேணாம்."

"இ.சி.ஜி. நல்லா இருக்குதுன்னு நர்ஸே சொன்னாங்களே..."

"அது நீங்க ஓய்வா இருக்கும்போது எடுத்தது. ஓய்வா இருக்கும்போது பல்லும் வலிக்கல."

அவர் அக்காவைப் பார்த்தார். மலர்க்கொடி எழுந்து வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பிக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தம்பி கையிலிருந்த பைக் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"சூளைய ஆளுங்க பாத்துப்பாங்க. நீ உக்காருடா."

டாக்டர் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இ.சி.ஜி. தாளைக்கூட வாங்காமல் முதலில் குனிந்து குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை ஒரு முறை பார்த்தார். அன்று மாலையே ராஜவேலை ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினோம். இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் ஒன்று அநேகமாக முழுவதும் அடைத்திருந்தது. குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் அவருடைய கெட்ட கொழுப்பு அக்காவுடையதைவிட அதிகம். ஒல்லியான மனிதர் என்பதால் அவருக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததே இல்லை.

பிறப்பிலேயே வருகிற கோளாறு அது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும். கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டிய அளவுக்கு எடுக்காது. எடைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. குதிகால் தடிப்பு எல்லாருக்கும் வராது, மலர்க்கொடிக்கு வரவில்லை. பயிற்சியும் சாப்பாடும் மட்டும் அதைச் சரி செய்யாது, மாத்திரை வேண்டும், சீக்கிரமே வேண்டும்.

நான் புதுச்சேரிக்குப் பார்க்கப் போனபோது ராஜவேல் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பட்டறை விஷயம் பேசினார்கள். திடீரென்று ராஜவேல் சொன்னார், "அக்கா, நீ பரோட்டா திங்கல."

"அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்."

"டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றார் மலர்க்கொடி. குரலில் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவர் ஊருக்குத் திரும்பியதும் எங்கள் டாக்டரே அவரை உட்கார வைத்து வருத்தம் தெரிவித்தார். அதை மலர்க்கொடி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பயிற்சி முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் கேட்டார். "அப்ப நான் இத்தன மாசம் மெறிச்சது எல்லாம் வீணா மேடம்?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். பூசி மெழுகாதீர்கள், பயமுறுத்தவும் செய்யாதீர்கள். நான் அவரிடம் சொன்னது இதுதான். "நீங்க எத எறக்கணும்னு மெறிச்சீங்களோ அது மாத்திரைலதான் எறங்கும். ஆனா ட்ரைகிளிசரைடு எறங்கிடுச்சு, மூச்சு நல்லா இருக்குது, இடுப்பு கொறஞ்சிருக்குது, ஒங்க இதயம் முன்னவிட பலமா இருக்குது. மாத்திர ஒரு வேலையச் செய்யும், சைக்கிள் இன்னொரு வேலையச் செய்யும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஈடு இல்ல." அவர் துண்டை மடித்தார். "அப்ப நாளைக்கும் வரணும்" என்றார். வந்தார். பிறகு ராஜவேலும் வந்தார், டாக்டர் அனுமதித்த மெதுவான மிதியோடு. ராஜவேலின் மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பள்ளியில் கபடி ஆடுகிற பெண். அவளுக்கும் இருந்தது. சின்ன வயதிலேயே தெரிந்ததால் அவளுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு மலர்க்கொடி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். மூட்டு வலி என்றார்கள். நான் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் கவனம் முழங்காலில் இல்லை.

"ஒங்களத்தான் பாக்கணும்னு வந்தேன்" என்றார். "எங்க வூட்டுக்காரரு சூட்டுல சாவலன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கணும்."

"அன்னிக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது, போவலன்னுதான் சொன்னாரு. நான்தான் அனுப்புனேன். சூளைய எறக்கலன்னா சரக்கு பாழாப் போயிடும்னு நின்னு அனுப்புனேன்." மலர்க்கொடி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். அவருக்கே அது புதிய செய்தி என்று தெரிந்தது. "அதுக்கப்புறம் அந்தப் பட்டறைக்குள்ள நான் கால வெக்கல. புள்ளைங்க கூப்புடும். முட்டி வலின்னு சொல்லிடுவேன்."

எனக்கு உண்மையில் தெரியாது. அவர் உடலை யாரும் பரிசோதிக்கவில்லை. அன்று வீட்டில் படுத்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பாரா, அந்த வெக்கை எவ்வளவு கூட்டியது, எதையும் யாராலும் சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த அம்மாவிடம் நான் 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

"நோவு அவரு பொறக்கும்போதே ரத்தத்துல இருந்துச்சும்மா. நீங்க அனுப்புனதால வந்ததில்ல. வூட்டுல இருந்திருந்தாலும் அது வூடு தேடி வந்திருக்கும்."

அவர் அழவில்லை. தன் முழங்காலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரிம்மா. போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். பயிற்சி எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் மலர்க்கொடி போன் செய்தார். பின்னால் ஆட்கள் பேசுவதும் தட்டுகள் அடுக்கும் சத்தமும் கேட்டன.

"மேடம், போற வழியில பட்டறைல வண்டிய நிறுத்தச் சொன்னாங்க அம்மா. உள்ள வந்து உக்காந்திருக்காங்க. டீ வாங்கியாரச் சொன்னேன், குடிச்சிக்கிட்டு இருக்காங்க."